அண்ணன் வேனின் இடது சக்கரத்துப் பிரேக்

இதை எழுத வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்திருக்கிறேன். இரண்டு தடவை கொப்பியில் எழுதத் தொடங்கி, தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அண்ணன் அவர்கள் காலமான முதலாம் ஆண்டு நிறைவுக்கு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அவருடைய மூத்த மகள் வந்து கேட்டபோதும் எனக்கு மனம் துணியவில்லை. "யாராவது படிச்சவங்களா பாத்துக் கேளும்மா" என்றேன். "படிச்சவங்களுக்கு அப்பாவைத் தெரியாதே சித்தப்பா" என்றது பிள்ளை. அதற்கு மேல் தட்ட முடியவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர்கள். எங்களில் அக்கா மூத்தவர், அண்ணன் நடு, நான் கடைசி. மூன்று பேரும் அந்தத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரே அறைக் காம்பிராவில் பிறந்தோம். அப்பா நெஞ்சு வருத்தத்தில் சீக்கிரமே காலமானார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு, கண்டி மார்க்கெட்டுக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனராகப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கொஞ்சமாவது படித்தேன், அக்காவின் கலியாணமும் நடந்தது. பிறகு லைசென்ஸ் எடுத்து, பல வருஷம் மற்றவர்களுடைய லொறிகளை ஓட்டினார். அந்தக் காலத்தில் அவர் கையால் ஒரு கோழி கூட அடிபட்டதில்லை.

அண்ணியைக் கைப்பிடித்தது மாத்தளைப் பக்கத்தில். இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். பல்லேகலயில் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் 'வேன் மாமா'. செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் சாரதி கதிரையில் ஏறுவார். வெள்ளிக்கிழமை என்றால் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு செம்பரத்தம் பூ.

நானும் அந்த வேனில்தான் போவேன். கண்டியில் ஒரு மளிகைக் கடையில் நிறுவை வேலை எனக்கு. பல்லேகலயில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிப்பேன். காலையும் மாலையும் கோயில் விளக்கு ஏற்றும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. என் சட்டையிலும் கையிலும் எப்போதும் நல்லெண்ணெய் வாசம் இருக்கும் என்று வேனில் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வேனின் முன் இடது சக்கரம் கொதிக்கத் தொடங்கியிருந்தது. மலைப் பாதையில் தெல்தெனிய டவுனுக்கு இறங்கி வந்து பார்த்தால் வலது சக்கரம் வெதுவெதுப்பாக இருக்கும். இடது சக்கரத்தில் கை வைக்க முடியாது. அண்ணன் கழற்றிப் பார்த்தார். கலிப்பர் இறுகியிருந்தது. வாகனம் தெரியாத உறவுகளுக்காகச் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தால், சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சாமானுக்குத்தான் கலிப்பர் என்று பெயர். அதற்குள்ளே ரப்பர் வளையம் போட்ட ஒரு பிஸ்டன் இருக்கிறது. மிதித்தால் வெளியே வந்து பிடிக்கும், காலை எடுத்தால் பின்வாங்கி விட்டுவிடும். எங்கள் வேனில் அது பிடித்தது, விடவில்லை.

புதிய கலிப்பர் வாங்க அந்த மாதம் வழியில்லை. அண்ணிக்குக் கண் ஒபரேஷன் முடிந்திருந்த நேரம். அண்ணன் பிஸ்டனை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிஸ்டன்ல துரு ஏறல தம்பி. ரப்பர்தான் செத்துப் போச்சு. ரப்பர் கிட் மட்டும் வாங்கிப் போட்டா இன்னும் பல வருஷம் ஓடும்" என்றார். அது சரியான முடிவு. இதைப் படிக்கிற எல்லோரும் இந்த இடத்தை மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நான் உதவிக்குப் போனேன். லயத்துக்குப் பக்கத்தில் வேனைக் கல் கொடுத்து நிறுத்தியிருந்தார். எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, புது ரப்பரைப் போட வேண்டிய நேரத்தில் அண்ணிக்குக் கண்ணில் மருந்து விடும் நேரம் வந்துவிட்டது. அந்த மருந்தை வேறு யார் விட்டாலும் அண்ணி கண்ணைத் திறக்க மாட்டார். அண்ணன் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார்.

"கிட்டோட ஒரு சின்னப் பக்கெட்டுல கிரீஸ் வந்திருக்கு பாரு. அதை மட்டும் பூசி ரப்பரைப் போட்டு வை. வேற எதையும் பூசிடாத. நான் வந்து பிஸ்டனை இறக்குறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அந்தப் பக்கெட் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். கை வழுக்கி அது மண்ணில் விழுந்தது. கிரீஸ் முழுக்க மணல். மணலோடு பூசினால் பிஸ்டன் கீறிப் போகும் என்பது எனக்கும் தெரியும். அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் ஏசுகிறவர் இல்லை. சிரிப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. என் பையில் கோயில் விளக்குக்கு ஊற்றி மிஞ்சிய நல்லெண்ணெய் போத்தல் இருந்தது. பூசை நேரம் முழுக்கப் பிள்ளையாரின் காலடியில் இருந்த போத்தல். சாமி காலடியில் இருந்த எண்ணெய் ஒரு கெடுதலும் செய்யாது என்று நினைத்தேன். பிரேக்குக்கு ஊற்றுவதையும் ஒயில் என்றுதானே சொல்கிறார்கள், எல்லாம் எண்ணெய்தானே என்றும் நினைத்தேன். மனதார வேண்டிக்கொண்டு, ரப்பருக்கும் பிஸ்டனுக்கும் நன்றாகப் பூசினேன்.

அண்ணன் வந்து பிஸ்டனை அழுத்தினார். அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

"அட, வெண்ணெய்ல போற மாதிரி போகுதே. நல்லா பூசியிருக்கடா" என்றார்.

எண்ணெய் வாசம் அவருக்கு வந்திருக்கும். ஆனால் நான் இருக்கிற இடத்தில் அந்த வாசம் எப்போதும் இருப்பதுதானே.

திங்கள் முதல் வியாழன் வரைக்கும் பிரேக் நன்றாகவே பிடித்தது, நன்றாகவே விட்டது. எனக்கும் பயம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை காலை வேன் நிறையப் பிள்ளைகள். அக்காவின் மகள் செல்வியும் இருந்தாள். நான் முன் கதிரையில். ஹுன்னஸ்கிரியவில் இருந்து இறங்கும் வளைவுகளில் செல்விதான் முதலில் சொன்னாள்.

"மாமா, என்னமோ கருகுது."

"உங்கம்மா கட்டிக் குடுத்த சோறா இருக்கும்" என்றாள் பின்னால் இருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "பாட்டை நிறுத்து தம்பி" என்று என்னிடம் சொன்னார். இடது பக்கமாகப் புகை வரத் தொடங்கியது. வேன் இடது பக்கம் இழுத்தது. அந்த இடத்தில் இடது பக்கம் பள்ளம். அண்ணன் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரைக்கும் சும்மா போனது. சக்கரத்துச் சூட்டில் உள்ளே இருந்த பிரேக் ஒயில் கொதித்துவிட்டது என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்போது எனக்குப் பிள்ளையாரின் பெயர் கூட வாயில் வரவில்லை.

"எல்லாரும் முன்னால இருக்கிற சீட்டை இறுக்கிப் புடிச்சுக்கங்கம்மா. யாரும் எந்திரிக்காதீங்க." கடையில் சாமான் கேட்கிற மாதிரியான குரலில்தான் சொன்னார். கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தார். ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். மறு கையால் ஸ்டேரிங்கை வலது பக்கம் பிடித்து, பள்ளத்தில் இருந்து விலக்கியே கொண்டுவந்தார். அந்த வளைவு திரும்பியதும் மலை இடது பக்கம் வந்தது. அங்கே அவர் பிடியைத் தளர்த்தி, வேன் இழுத்த பக்கத்துக்கே விட்டார். அது ஓரமாக உரசிக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் காணுக்குள் ஒரு சக்கரத்தை இறக்கி, மண் மேட்டில் சாய்ந்து நின்றது.

ஒருவருக்கும் ஒரு கீறல் கூட இல்லை. இதை எழுதும் இந்த நிமிஷத்திலும் அதை நினைத்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுகிறேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கி, கையால் தொட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் பாதை ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுதது. என்னம்மா, எங்கே வலிக்குது என்று கேட்டால், "என் சோத்துப் பார்சல் கொட்டிருச்சு மாமா" என்றது. அண்ணனுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. தன் பார்சலை எடுத்து அந்தப் பிள்ளையிடம் கொடுத்தார்.

தெல்தெனியவில் இருந்து சுனில் பாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். அண்ணனுக்குப் பழக்கமான சிங்கள மெக்கானிக்; எங்கள் பக்கம் மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். சக்கரத்தைக் கழற்றி, கலிப்பரை ஆறவைத்துத் திறந்தார். புது ரப்பர் ஊறி உப்பி, பிஸ்டனை அசைய விடாமல் நெரித்துப் பிடித்திருந்தது. பாஸ் விரலால் தொட்டு முகர்ந்தார்.

"மே மொகத? தல தெல்" என்றார். இது என்ன, நல்லெண்ணெய் என்றுதான் சிங்களத்தில் அதற்கு அர்த்தம். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "யாரு அய்யா இதுக்குள்ள நல்லெண்ணெய் போட்டது? ரப்பருக்கு விஷம் அய்யா அது" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார்.

"நான்தான் பாஸ். கிரீஸ் போதல" என்றார்.

பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்தில் நின்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தபோது, "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீ கோயில்ல விளக்கு ஏத்துறவன். கோயில் எண்ணெய்னு தெரிஞ்சா உன்னோட சேத்து சாமியையும் ஏசுவாங்க. வண்டி என்னோடது. ஏச்சும் என்னோடதா இருக்கட்டும்" என்றார். "இனிமே சாமிக்கு எண்ணெய், வண்டிக்கு கிரீஸ். ரெண்டையும் குழப்பாத" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய ஆயுளில் ஒரு நாளும் அந்தப் பேச்சை அவராக எடுத்ததில்லை.

அந்தக் கலிப்பர் சூட்டில் கெட்டுப் போனது. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடைக்குச் சுனில் பாஸும் அண்ணனும் நானும் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது வலது பக்கத்துக்கு உரியது. இதைப் போட்டால் காற்று எடுக்கிற ஆணி கீழே போய்விடும், உள்ளே இருக்கிற காற்று ஒருநாளும் வெளியேறாது என்று பாஸ் அதைத் திருப்பிக் கொடுத்தார். குவியலைக் கிளறி, துருப்பிடிக்காத பிஸ்டன் உள்ள இடது பக்கத்துக் கலிப்பர் ஒன்றைத் தேடி எடுத்து, அதற்குப் புது ரப்பரும் கிரீஸும் போட்டுப் பூட்டினார். இரண்டு முன் சக்கரத்துக்கும் புது பிரேக் பேட், புது பிரேக் ஒயில். வேலை முடித்துக் கையைத் துடைக்கும்போது பாஸ் சொன்னார்: "அய்யா செஞ்ச வேலை நல்ல வேலை. எண்ணெய் மட்டும் போடாம இருந்தா பழைய கலிப்பர் இன்னும் ஓடியிருக்கும்." அதைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

யாரையும் ஏற்றுவதற்கு முன்னால், அண்ணன் வெறும் வேனை அந்த வளைவுகளில் மூன்று தடவை இறக்கி ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் இறங்கிச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகு தினமும் தெல்தெனியவில் வேனை நிறுத்திச் சக்கரத்தில் கை வைப்பது வழக்கமாகிவிட்டது. "வேன் மாமா சக்கரத்துக்குக் காய்ச்சல் பாக்குறாரு" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் திரும்பி வந்தார்கள். செல்வி வரவில்லை. அக்காவின் கணவர், எங்கள் மச்சான், வீட்டு வாசலில் நின்று அண்ணனிடம் சொன்னார்: "கிரீஸ் வாங்குற காசுல மிச்சம் புடிக்க என் புள்ள உசுருதான் கெடச்சுதா ஒனக்கு? இனிமே அது உன் வேன்ல ஏறாது. நீயும் என் வாசல்ல ஏறாத." அண்ணன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். மச்சானைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிள்ளையைப் பெற்ற எவரும் அப்படித்தான் பேசுவார்.

அந்த வருஷத் திருவிழா வந்தது. வழக்கமாகப் பிள்ளையார் அண்ணனுடைய வேனில்தான் தோட்டத்தைச் சுற்றி ஊர்வலம் வருவார். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் மச்சான் எழும்பினார். "நல்லெண்ணெய்ல பிரேக் புடிக்கிற வேனுக்கு சாமி எதுக்கு? அதுல வடை சுடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கமிட்டியில் இருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, சிரிக்கிற மாதிரி இருந்தேன். வேறு ஒருவருடைய வேன் பேசி முடிவானது.

ஊர்வலத்தன்று அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அந்த வேனுக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். பிறகு குனிந்து அதன் நாலு சக்கரத்தையும் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து போனார். அவர் வேனில் சாமி அதற்குப் பிறகு ஏறவே இல்லை. பதினொரு வருஷமாக 'நல்லெண்ணெய் டிரைவர்' என்ற பேர் அவருக்கு இருந்தது. முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இதைப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களைவிடப் பெரிய பிழை செய்தவன் நான்.

கடைசி மூன்று மாதம் அண்ணனுக்கு இருதய நோய். கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தார். கடையில் லீவு சொல்லிவிட்டு நான் பக்கத்தில் இருந்தேன். ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டே, "அண்ணே, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுறேண்ணே" என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

"நான் இருக்கும்போது சொல்லாதடா. அம்புட்டுப் பேரும் மன்னிப்புக் கேக்க வருவாங்க. உங்க அண்ணி எத்தனை பேருக்குத் தேத்தண்ணி ஊத்துவா?" என்று சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கும், ஆனாலும் சிரித்தார். பிறகு கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் போனப்புறம் மச்சானுக்கு முதல்ல சொல்லு. அவருக்குத்தான் மனசு ரொம்ப வெந்துபோச்சு" என்றார். அடுத்த கிழமை, அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம். முகத்தில் ஒரு வேதனையும் இல்லை.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மச்சானிடம் போனேன். அவர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட் விழுந்தது, போத்தல், கமிட்டியில் நான் இருந்த இருப்பு, ஒன்றையும் விடவில்லை. அவர் கோடாலியைக் கீழே வைத்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"ஏன் மாப்ள" என்றார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் உன்னை நாலு ஏச்சு ஏசிட்டு, அவரோட பதினொரு வருஷம் பேசியிருப்பேனே."

இரண்டு பேரும் அந்த விறகுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதோம். அக்கா வந்து பார்த்துவிட்டு, இரண்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்த பிறகு மச்சான் சொன்னார்: "எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதிப் போடு. நான் வடை சுடச் சொன்னதையும் எழுது. விட்டுறாத."

எழுதிவிட்டேன் மச்சான்.

அன்றைக்கு அங்கிருந்து இறங்கி வரும்போது, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. வீட்டுக்குப் போய் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். மாலையில் போய் விளக்கேற்றினேன். சாமியிடம் மறைக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

அண்ணனின் கடைசி நாட்களில் அவரைத் தங்கள் வீட்டு மனிதர் போலப் பார்த்த வார்ட்டு டொக்டர்மாருக்கும் நர்ஸ் மிஸ்மாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செத்தவீட்டன்று கராஜைப் பூட்டிவிட்டு வந்து, சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த சுனில் பாஸுக்கு நன்றி. அன்று வேனில் இருந்த பிள்ளைகள் இன்று தாய்மாராகிவிட்டார்கள். அவர்களே வந்து மூன்று நாளும் அடுப்படியைப் பார்த்துக்கொண்டார்கள். செல்வியும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். இந்த மலரை அச்சடிக்கும் செலவு முழுவதையும் மச்சான் ஏற்றுக்கொண்டார். எல்லோருக்கும் பிள்ளையார் துணை இருக்க வேண்டும்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனிமேல் யாராவது அந்தப் பழைய பேரைச் சொன்னால், இதில் உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். அண்ணன் மேல் உள்ள பாசத்தில் ஒன்றையும் கூட்ட வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு ஒன்றையும் குறைக்கவும் வேண்டாம். எண்ணெய் பூசியது நான். வேனை நிறுத்தியது அண்ணன்.